காது மெஷினுக்கு அறுபது பேட்டரி

எங்கள் வீட்டில் பேட்டரி கேட்காத ஜீவன்கள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். சுவர்க் கடிகாரம், ரிமோட், டார்ச், எடை பார்க்கும் மெஷின், கத்திக்கொண்டே சுற்றும் வாத்து, கண் சிமிட்டும் ரயில் என்று பாக்கி எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இதில் முதல் மரியாதை எங்கள் பொடிசின் காது மெஷினுக்கு. ஐந்து வயது மகள். பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் மந்தம். காதுக்கு ஒன்றாக, பின்னால் மாட்டுகிற அந்த மெஷினுக்குள் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதை முதன்முதலாக மாட்டிய அன்று, குழாய்த் தண்ணீருக்குச் சத்தம் உண்டு என்று அவள் கண்டுபிடித்தாள். குழாயைத் திறப்பாள், மூடுவாள், எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். 'இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. தண்ணீரை வீணாக்கினால் வீட்டை இரண்டாக்குகிற நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இத்தனூண்டு தகரத்துக்குள் இவ்வளவு பெரிய உலகமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டும்போது வெளியே நின்று உதிரிப்பாகத்தின் கவரைப் பிரித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே பிரித்து, வயர் முனைகளைச் சீவி, டப்பாவில் அடுக்கித் தயாராக வைத்திருப்பார். வீட்டிலும் அதே கதைதான். சோப்பு வாங்கி வந்தால் உறையை அன்றே கிழித்துப் போட்டுவிடுவார்.

காது மெஷின் பேட்டரியை அதுவரை ஆஸ்பத்திரியிலேயே ஆறு ஆறாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றுபோனது. இவர் நாலு இடம் அலைந்து, மொத்த விலைக்கடை ஒன்றில் அறுபது வாங்கி வந்தார். விலையைக் கேட்டு எனக்கே வாய் பிளந்துவிட்டது. அந்தப் பேட்டரி ஒவ்வொன்றின் முதுகிலும் வால் வைத்த ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அறுபதையும் உரித்தார். முட்டை அட்டையில் குழிக்கு இரண்டாக அடுக்கி, டிவி பக்கத்தில் வைத்தார்.

எனக்குச் சட்டைக்குப் பாக்கெட் தைக்கிற வேலை. ஊசி குத்திக் குத்தி விரல் நுனி மரத்துப் போயிருக்கும். பொடிசு நெளிந்துகொண்டிருக்கையில் அந்த ஸ்டிக்கரை உரிப்பதற்குள் பிராணன் போகும். அதனால் நான் சொன்னேன்: "இப்படி ஒரு புருஷன் யாருக்குங்க கிடைக்கும்!" சொன்னது நான்தான். இல்லை என்று இப்போது சாதிக்க முடியாது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூப்பிட்டால் திரும்புவது குறைந்தது. கதை சொல்லும்போது கவனிப்பதில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் எழுதி அனுப்பினார். மூன்றாவது வாரம் மெஷினைக் கழற்றிச் சோபாவுக்கு அடியில் எறிய ஆரம்பித்தாள். ஓயாமல் தொணதொணக்கிற பிள்ளை, விரலால் காட்டிக் கேட்கத் தொடங்கினாள்.

மெஷினைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் 'கீ' என்று விசிலடிக்க வேண்டும். அடித்தால் நல்லது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் புதுப் பேட்டரி போட்டுப் பொத்திப் பார்த்தேன். விசிலடித்தது. அவர் மீட்டரை எடுத்துப் பேட்டரியை அளந்தார். எல்லாம் சரியாகக் காட்டியது. மெஷின் நல்லது, பேட்டரி நல்லது. அப்படியானால் கெட்டுப்போனது எது? அதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது கேட்கிற கொஞ்சமும் குறைந்தால் இந்த மெஷின் போதாது, தலையில் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிவரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பரிசோதனை.

சனிக்கிழமை சாயங்காலம் முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு, இவரையும் பொடிசையும் இழுத்துக்கொண்டு, அந்தக் கடைக்குச் சண்டைக்குப் போனேன்.

ரயில் பெட்டி மாதிரி நீளமான கடை. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். கடைக்காரர் பழைய பென்சில் பேட்டரிகளை ஒவ்வொன்றாக மேஜைமேல் நட்டுக்குத்தலாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 'தொப்'பென்று விழுந்து நின்றால் இன்னும் உயிர் இருக்கிறது என்று ஒரு பக்கம், எகிறிக் குதித்தால் குப்பைக்கு.

"போலிப் பேட்டரிய தலையில கட்டிட்டீங்களேண்ணே! பச்சப்புள்ளைக்குப் போடற பொருள்ல போய்..." என்று ஆரம்பித்தேன். கடையே திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால், அவர் திருடனாக இருக்க வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். அவர் திருடன் என்றால் என் பிள்ளையின் காது நன்றாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. அட்டையைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் எல்லாம் எங்கம்மா?"

"நான்தாங்க உரிச்சு வச்சேன்," என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

"எப்ப?"

"வாங்கின அன்னிக்கே. மூணு வாரம் ஆச்சு."

"அறுபதையுமா?"

"அறுபதையும்."

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு பேட்டரியைத் திருப்பி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். முதுகில் ஊசி முனையளவு ஓட்டைகள் தெரிந்தன.

"இதுக்குள்ள பாதி பேட்டரிதான்மா இருக்கு. மீதிப் பாதி இங்க இருக்கு," என்று எங்கள் முகத்துக்கு முன்னால் கையை வீசினார். "காத்து. ஸ்டிக்கர எடுத்ததும் அந்த ஓட்டை வழியா மூச்சு விட ஆரம்பிச்சிடும். அப்புறம் அத நிறுத்த முடியாது. மெஷின்ல போட்டாலும் போடாட்டியும் அது பாட்டுக்குக் காஞ்சு போயிடும்."

மூன்று வாரமாக நாங்கள் சாப்பிட்டோம், டிவி பார்த்தோம், சண்டை போட்டோம், தூங்கினோம். பக்கத்திலேயே முட்டை அட்டையில் அறுபது பேர் உட்கார்ந்து நாங்கள் விட்ட மூச்சை வாங்கி வாங்கி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கிற காற்று போய் என் பிள்ளையின் காதுக்குள் பேச்சாக மாறிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாள் அதைக் கையில் பிடித்திருந்தும் எனக்குத் தெரியவில்லையே!

"மீட்டர்ல சரியாத்தானே காட்டுச்சு?" என்றார் இவர், குரல் இறங்கி.

"மீட்டர் சும்மா தொட்டுப் பாக்குது தம்பி. மெஷின் வேலை வாங்குது. காலையில பத்து நிமிஷம் தம் கட்டி நிக்கும், அப்புறம் படுத்துரும்."

அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு அது விசிலடித்துக் காட்டியிருக்கிறது. மீதி நாளெல்லாம் என் பிள்ளை காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். கழற்றி எறியாமல் என்ன செய்வாள்?

ஆனாலும் பேட்டரி செத்தது என்றுதான் இதுவரை தெரிந்தது. காது பிழைத்ததா என்று யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் புதிதாக இரண்டு எடுத்து ஸ்டிக்கரை உரித்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கட்டும்." நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். ஒன்றும் அசையவில்லை, ஒன்றும் மின்னவில்லை. அப்படி ஒரு காரியத்தை இவ்வளவு அமைதியாகச் செய்கிற பொருளை நான் பார்த்ததே இல்லை.

மாட்டினேன். விசிலை இனி நான் நம்பத் தயாரில்லை என்பதால், அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார் கடைக்காரர். பொடிசு கடையின் உள்கோடியில் பொம்மை வரிசைக்கு ஓடி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். மின்விசிறி கடகடத்தது. வாசலில் வண்டிகள். வருகிறவர்கள் ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் கேட்டு வாங்கிப் போனார்கள். அரை மணி நேரம் ஆனது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பாவிட்டால்? கூப்பிடாமலே இருந்தேன். பயந்தாங்கொள்ளி என்றால் அன்றைக்கு நான்தான். இவர் எப்போது எழுந்து போனார் என்றுகூடக் கவனிக்கவில்லை.

அப்போது பொடிசு தலையைத் தூக்கினாள். திரும்பவில்லை. கையிலிருந்த பொம்மை கிரேனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அம்மா, அப்பா அழறாங்க."

"இல்லடா. அப்பா வெளிய போயிருக்காங்க."

"இல்ல. அங்க." கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகளை நோக்கி விரலை நீட்டினாள்.

எழுந்து போய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி, கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பக்கத்தில் நின்றும் என் காதுக்கு அந்த அழுகை கேட்கவில்லை.