பதினோரு மணிக்குப் பாலத்தில்

பிச்சைமுத்துவின் வேனை அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று பேர் தனித்தனியாகப் பேசிவைத்திருந்தார்கள். மூன்றும் ஒரே பயணத்துக்கு. வேறு எவனாக இருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பான். பிச்சைமுத்து முதல் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

முதலில் பேசியவன் தீபன். மலேசியாவின் ஈப்போவில் வங்கி வேலை, வார இறுதியில் காடு என்று வாழ்கிற பையன். மலையேறும் குழு ஒன்றை நடத்துகிறான். பத்துப் பேரைக் காலை ஆறரைக்குத் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பின்னால் மலையிடுக்கு தொடங்கும் இடத்தில் இறக்கிவிட வேண்டும். ஆற்றை ஒட்டியே நடந்து மாலை ஐந்து மணிக்குச் சிம்மோர் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் வெளியே வருவார்கள், அங்கே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருகிற நடை என்பதால் சொந்தக் கார் உதவாது. பஸ் அந்தத் திசையில் எட்டிக்கூடப் பார்க்காது. சனிக்கிழமை பள்ளி கிடையாது, பள்ளி வேன் வீட்டு வாசலில் சும்மாதான் கிடக்கும். பிச்சைமுத்து சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை புந்தோங்கில் அவர் வீட்டு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் இறங்கினார். சேலையில் ஒரு சுருக்கம் இல்லை. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர் என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்ததும் சிலோன் குடும்பம் என்பதும் தெரிந்தது.

"தம்பி, சனிக்கிழமை நடக்கப் போற ஆக்களில மிஸ்டர் சிவநேசன் எண்டு ஒருத்தர் இருக்கிறார். என்ர அவர்தான். எட்டு மாசத்துக்கு முதல் நெஞ்சில பைபாஸ் செய்தது."

"மலைக்கா போறாரு?"

"டொக்டர் போகலாம் எண்டிட்டார். நான் என்ன சொல்ல? வேன் அஞ்சு மணிக்கு வந்தாக் காணாது. பன்ரெண்டு மணிக்கே அந்தப் பக்கம் வந்து நிக்கவேணும். ஒண்டு நடந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இருக்கவேணும். ஆனா நான் இப்பிடிச் சொன்னது அவருக்குத் தெரியப்படாது."

"சரிம்மா, தெரியாது. பன்னெண்டு மணிக்கு வேன் அங்க நிக்கும்லா."

அம்பிகை என்று பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அந்த மிஸ்டர் சிவநேசனே வந்தார். நில அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போனாலும் அது கொடுத்த முதுகு நேராகவே இருந்தது. வாசலிலேயே நின்று, ரகசியக் கடிதம் வாசிப்பதுபோல் மெல்லிய குரலில் பேசினார்.

"அந்த இடுக்குக்கு நடுவில பழைய மரப் பாலம் ஒண்டு இருக்காமே?"

"ஆமா சார். பாலாக் லாரி, வெட்டுமரம் ஏத்துற லாரி போன ரோடு. வேன் போகும், கொஞ்சம் ஆட்டும்."

"பதினொரு மணிக்கு அந்தப் பாலத்தில வந்து நில்லும். நான் அங்கயே நடையை விட்டிட்டு உம்மோட வந்திடுவன். தீபனிட்ட முழங்கால் நோகுது எண்டு சொல்லுவன். இது வீட்டுக்குத் தெரியப்படாது, தம்பி. என்ர வைஃப் அறிஞ்சா இனி வாசல் தாண்ட விடமாட்டா."

"முழங்கால் நோகுதா சார்?"

சிவநேசன் குனிந்து வேனின் டயரைப் பார்த்தார். பிச்சைமுத்துவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்குப் புந்தோங்கில் பாதி வீடுகளின் சமாச்சாரம் தெரியும். அப்பா எப்போது வீட்டுக்கு வந்தார், அம்மா ஏன் அழுதாள் என்று பிள்ளைகள் வேனில் ஏறியதும் கொட்டிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வீட்டில் ஏற்றிய பேச்சை இன்னொரு வீட்டில் அவர் இறக்கியதில்லை. அதனால்தான் தாய்மார்கள் அவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். இந்த விஷயத்திலும் அவருக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை. பதினொன்றுக்குப் பாலம், பன்னிரண்டுக்குத் தோட்டம். நடுவில் ஐயாவைச் சிம்மோரில் ஒரு கோப்பிக் கடையில் இறக்கிவிட்டால் இரண்டு வாக்கும் நிற்கும். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு தூங்கப் போனார். இரண்டு பேச்சும் ஒரே வீட்டுப் பேச்சு என்பதை அவர் போதிய அளவு யோசிக்கவில்லை.

சனிக்கிழமை விடியலில் வேன் சிவநேசன் வீட்டு முன்னால் நின்றபோது கணவனும் மனைவியும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அம்பிகை கையில் பிளாஸ்கும் ஒரு துணிப்பையும். நேராக வந்து டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"வீட்டில இருந்து சுவரைப் பாக்கிறதுக்கு நான் உங்களோடயே வந்து அந்தப் பக்கம் நிக்கிறன்" என்றார்.

சிவநேசனின் முகம் போன போக்கைப் பிச்சைமுத்து கண்ணாடியில் பார்த்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அவருக்கு நினைவு வந்தது. பின்னால் இளவட்டங்கள் சிரிப்பும் சிப்ஸ் பாக்கெட்டுமாக இருந்தார்கள். தீபன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தான். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாலத்து ஏற்பாடு தெரிந்தவர்கள் ஐயாவும் டிரைவரும்தான், அவர்களாலும் பேச முடியாது.

இறங்கும் இடத்தில் எல்லோரும் அட்டை கடிக்காமலிருக்கக் காலுறையில் மருந்து பூசிக்கொண்டார்கள். சிவநேசன் இரண்டு தடவை பிச்சைமுத்துவின் பக்கம் வரப் பார்த்தார். இரண்டு தடவையும் அம்பிகை நடுவில் வந்து தண்ணீர் புட்டி, தொப்பி என்று எதையாவது அவர் கையில் திணித்தார். கடைசியில் அவர் ஒரு பார்வை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். வா என்கிறாரா, வராதே என்கிறாரா என்று பிச்சைமுத்துவுக்குப் பிடிபடவில்லை. அந்த இடுக்குக்குள் போன் வேலை செய்யாது, கேட்கவும் வழி இல்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பத்து மணிவரை பிச்சைமுத்து அம்பிகையோடு சிம்மோரில் ஒரு கடையில் உட்கார்ந்து, ஒரு கோப்பியை இரண்டாக்கி, இரண்டை மூன்றாக்கிப் பார்த்தார். பாலத்துக்குப் போனால் ஐயாவின் மானம் போகும். போகாவிட்டால்? குழு முன்னால் போய்விடும். நெஞ்சை அறுத்துத் தைத்த மனிதர் ஆளில்லாத காட்டுப் பாதையில், வராத வேனுக்காக நின்றுகொண்டிருப்பார். ஒருமுறை டயர் வெடித்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பள்ளி வாசலில் ஒரு மணி நேரம் காக்கவைத்திருக்கிறார். அந்த முகமே இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

"அம்மா" என்றார். "ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன். இப்ப அத ஒடைக்கப் போறேன். கோவிச்சுக்காதீங்க."

எல்லாவற்றையும் சொன்னார். அம்பிகை பிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். கோபம் வரும் என்று காத்திருந்தார் பிச்சைமுத்து. வரவில்லை.

"எத்தினை மணிக்கெண்டு சொன்னவர்?"

"பதினொண்ணு."

"அப்ப ஏன் இன்னும் இருக்கிறீர்? எடும் வேனை."

பாலாக் பாதை முழுக்கப் பள்ளமும் மேடும். வேன் குலுங்கிய குலுக்கலில் இருக்கைக்கடியில் கிடந்த பிள்ளைகளின் பென்சில்கள் முன்னால் உருண்டு வந்தன. அம்பிகை கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். பாலம் வந்தபோது பதினொன்றாக ஏழு நிமிடம் இருந்தது.

சிவநேசன் பாலத்தடியில் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார். தீபன் பக்கத்தில் நின்றான்.

"வேன் வராம அங்கிள தனியா விட மாட்டேன்னு நிக்கிறேன்" என்றான் தீபன். "மத்தவங்க கீழ ஆத்தோரம் சாப்பிடறாங்க."

அம்பிகை இறங்கினார். "நீர் போய்ச் சாப்பிடும் தம்பி. பத்து நிமிஷத்தில சொல்லுறம்" என்று அவனை அனுப்பினார்.

பிச்சைமுத்து வேனின் முன்மூடியைத் திறந்து, பார்க்கத் தேவையில்லாத எண்ணெயைப் பார்க்கத் தொடங்கினார். காதை மூடிக்கொள்ளவா முடியும்.

"என்ன, காலோ?"

"முழங்கால்."

"எந்த முழங்கால்?"

சிவநேசன் இடது முழங்காலைத் தொட்டார். பிறகு கை தானாக வலதுக்கு நகர்ந்தது.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை."

"மூச்சு இழுக்குதோ?"

"இல்லை. அதெல்லாம் நல்லாத்தான் கிடக்கு."

"பின்னென்ன?"

ஆறு கீழே பாறைகளில் மோதிப் போய்க்கொண்டிருந்தது. சிவநேசன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பயமாக் கிடக்கு, அம்பிகை. ஒவ்வொரு கல்லு ஏறேக்கையும் நிண்டு நெஞ்சைக் கேக்கிறன். அடிக்குதோ, விட்டு விட்டு அடிக்குதோ எண்டு. அந்தப் பிள்ளையள் கதைக்கிறது ஒண்டும் காதில விழேல்லை. டொக்டர் என்னைத் திருத்தி அனுப்பிப்போட்டார். நான் இன்னும் அந்தக் கட்டில்லதான் கிடக்கிறன்."

அம்பிகை அவர் பக்கத்தில் அதே கட்டையில் உட்கார்ந்தார். சேலை சேறாவதைப் பற்றி அன்றைக்கு முதல்முறையாக அவர் கவலைப்படவில்லை.

"இரவில எழும்பி உங்கட மூக்கில கை வைச்சுப் பாக்கிறனான்" என்றார். "நித்திரை எண்டு நினைச்சன். முழிச்சோ கிடந்தனீங்கள்?"

"ஓம்."

"எல்லா நாளுமோ?"

"கனநாள். நீர் பாத்திட்டுப் படுக்கட்டும் எண்டு அசையாமக் கிடப்பன்."

பிச்சைமுத்து எண்ணெய்க் கம்பியைத் துடைத்தார், உள்ளே விட்டார், மறுபடி எடுத்துத் துடைத்தார். எட்டு மாதமாக ஒருவர் தூங்குவதுபோல் நடிக்க, இன்னொருவர் தைரியமாக இருப்பதுபோல் நடிக்க, ஒரே கட்டிலில் இரண்டு பேரும் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். பாவம் என்று அவருக்குப் பட்டது. படித்தவர்கள் வேறு.

"தம்பி, இஞ்ச வாரும்" என்று அம்பிகை கூப்பிட்டார். "இனி இருக்கிற பாதை எப்பிடி? எனக்காகவும் சொல்லவேண்டாம், இவருக்காகவும் சொல்லவேண்டாம். உள்ளதைச் சொல்லும்."

"நான் அந்தத் தோட்டத்துல பொறந்தவன்மா. மீன் புடிக்க இந்தப் பாலம் வரைக்கும் வருவோம். பாறையெல்லாம் மேல, சார் வந்த பக்கம்தான். அதத் தாண்டிட்டாரு. இனி மணலும் மூங்கிலும். அஞ்சாறு தடவ ஆத்தக் கடக்கணும், முட்டியளவு தண்ணி. தூரம்தான் அதிகம், ஏத்தம் இல்ல."

சிவநேசன் நிமிர்ந்து பார்த்தார். "கஷ்டமானது முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுருச்சு சார். அது தெரியாமதான் பாலத்துல வேனப் போடச் சொன்னீங்க."

அம்பிகை துணிப்பையைத் திறந்து நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைச் சிமிழை எடுத்தார். கணவரின் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"போங்கோ" என்றார்.

"நீர்?"

"நான் அந்தப் பக்கம் நிக்கிறன்."

"உமக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். எண்டாலும் போங்கோ. இண்டைக்கு வேனில ஏறினா நாங்கள் ரெண்டு பேரும் செத்துப்போற நாள்மட்டும் அந்தக் கட்டில்லதான் கிடப்பம்."

சிவநேசன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். கீழே இறங்கும் பாதையில் பாதியில் நின்று திரும்பினார். அம்பிகை கையை வீசி விரட்டினார், வகுப்பறை வாசலில் நிற்கும் பையனை விரட்டுவதுபோல. அவர் மூங்கிலுக்குள் மறைந்தபின் கீழேயிருந்து இளவட்டங்களின் ஆரவாரம் கேட்டது. அப்புறம் ஆறுதான்.

பழைய தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் கோயிலும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும் மிச்சம். பன்னிரண்டு மணிக்கு வேன் அங்கே நின்றது. அம்பிகை இறங்கவில்லை. கடையில் தப்பாவ் என்று பொட்டலம் கட்டி வாங்கி வந்த சோற்றைப் பிரித்து, இரண்டு வாய் தின்று, மூடிவைத்தார். ஒரு மணிக்கு மழை வருமா என்று கேட்டார். இரண்டு மணிக்கும் கேட்டார். மூன்று மணிக்குப் பிச்சைமுத்து தானாகவே "வராதும்மா" என்றார். பாலத்திலேயே ஐயாவை ஏற்றியிருக்கலாமோ என்று அவருக்கும் உள்ளூர அரிக்கத்தான் செய்தது. பாதையைப் பற்றிச் சொன்னது அவர்தானே. ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அந்தப் பழி யார் தலையில்? நாலரைக்கு மேல் இரண்டு பேரும் செம்பனை வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே கால். ஐந்து இருபதுக்குச் செம்பனை வரிசைக்கு நடுவே முதலில் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. அடுத்து இரண்டு பெண்கள். அடுத்து தீபன். அம்பிகை கண்ணாடியில் முகத்தை வைத்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். ஏழாவதாக வந்தார் சிவநேசன்.

இடுப்புவரை சேறு. கால் லேசாக இழுத்தது. ஆனால் அவர் வேனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்த பையனோடு ஏதோ வாக்குவாதம். எந்த இடத்தில் தண்ணீர் அதிக ஆழம், நாலாவது கடவையா ஐந்தாவதா என்று. நாலாவதுதான் என்று கையைத் தொடைவரை தூக்கிக் காட்டினார். பையன் இல்லை என்றான். நில அலுவலகத்துக் குரலில் சிவநேசன் அவனை அடக்கினார். அந்தக் குரலை வீட்டில் யாரும் எட்டு மாதமாகக் கேட்டதில்லை. பேசிக்கொண்டே வேனைத் தாண்டி, மனைவி உட்கார்ந்திருந்த கதவை உரசியபடி, குழாயடிக்குப் போனார். அவர் கை ஒருதடவைகூட நெஞ்சுப் பக்கம் போகவில்லை.

அம்பிகை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். பிச்சைமுத்து ஹாரன் அடித்து ஐயாவைக் கூப்பிடக் கையை நீட்டினார்.

அம்பிகை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறும் தம்பி" என்றார். "அவர் கதைச்சு முடிக்கட்டும்."