செண்பகம் வந்துடட்டும்

சோற்றில் குழம்பை ஊற்றப் போன வெள்ளையம்மாளின் கையை மெல்லத் தடுத்து, “செண்பகம் வந்துடட்டும்” என்றார் கண்ணையன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. வெளியே உச்சி வெயில். வாசலில் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலையின் மண்வாசம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

“எங்க போயிருக்குறா?” என்று கேட்டாள்.

“தண்ணி பைப்பாண்ட. தோ வந்துருவா.”

அவர் முகம் தெளிவாக இருந்தது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்குக் கண் சிவந்து, வாயோரம் எச்சில் காய்ந்து, பேச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். இப்போது சவரம் செய்த கன்னமும் துவைத்த பனியனுமாக, சம்மணம் போட்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வெள்ளையம்மாள் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“செண்பகம் செத்துப் போயி முப்பது வருசம் ஆவுதுய்யா. காய்ச்சல்ல செத்துட்டா. நீ கார் கொண்டார்றேன்னு போன. வரவே இல்ல.”

கண்ணையன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முதலில் கீழ் உதடு ஆடியது, பிறகு கன்னம், பிறகு தோள். “எப்ப? என் புள்ளைக்கா? ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?” என்று கேட்டபடி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்குத்தான் சேதி கேட்ட தகப்பனின் அழுகை அது. வெள்ளையம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்து அவர் சுவரில் சாய்ந்ததும், தன் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாயங்காலம் அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டார். எதுவும் நினைவில் இல்லை.

நேற்றும் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின நாளும்.

கண்ணையன் வயசுப் பையனாக இருந்த காலத்திலிருந்தே குடித்தவர். திண்டிவனத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் அவருடைய நிலத்தையும் பேச்சையும் மதித்தவர்கள்கூட, உச்சிக்கு மேல் அவரிடம் எந்தச் சோலியும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வயதானால் விட்டுவிடுவார் என்று வெள்ளையம்மாளும் நினைத்திருந்தாள். வயதாக ஆக, குடிக்கு நேரங்காலம் இல்லாமல் போனதுதான் மிச்சம். போன தை மாதம் மஞ்சள்காமாலை வந்தது. விழுப்புரத்தில் வேலை பார்க்கும் மகன் அன்புச்செல்வன் ஓடி வந்தான். இனி ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று அப்பாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினான். இரண்டு நாள் கழித்துக் கண்ணையனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தேய்த்துத் தேய்த்து விரல் தோலை உரித்துக்கொண்டார். பிறகு வலிப்பு. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவர் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தபோது, இத்தனை வருசம் குடித்த உடம்புக்குக் குடியை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, அதுவும் இந்த வயதில், டாக்டர் கையில் ஒப்படைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அன்புச்செல்வன் வராந்தாவில் குந்தி உட்கார்ந்து அழுதான். பாவம், நல்லது என்று நினைத்துத்தான் பூட்டினான்.

உயிர் பிழைத்து வந்தார். குடியை மறந்தார். அதோடு வேறு பலதும் மறந்துவிட்டது. குடியால் மூளைக்குச் சத்துப் போகாமல் ஞாபகத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, ஊசியும் மாத்திரையும் தொடர்ந்து போட்டால் கொஞ்சம் தேறலாம், முழுசாகத் திரும்பாது என்றார்கள். ஊரில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. “உன் கஷ்டம் தீந்துச்சு வெள்ளயம்மா, மனுசன் திருந்திட்டாரு” என்றார்கள். அவளும் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்குள் புதுசாக வந்திருந்த இந்த ஆளிடம் அவளுக்குப் பயமாக இருந்தது. குடிகாரக் கண்ணையனை அவளுக்குத் தெரியும். அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடியா, அழுகையா, தூக்கமா என்று சொல்லிவிடுவாள். இந்த ஆள் சத்தமில்லாமல் நடந்தார். அவளை “வெள்ள” என்று மெதுவாகக் கூப்பிட்டார். சில நேரம் வாசற்படிப் பக்கம் பார்த்து, யாரோ ஏதோ சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார்.

அவள் காத்திருந்தது இந்த ஆளுக்காக இல்லை.

செண்பகத்துக்கு அப்போது எட்டு வயசு. காய்ச்சல் தலைக்கேறிக் கண் மேலே செருகியது. கார் கூட்டிக்கினு வர்றேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், வழியில் பிராந்திக் கடையில் விழுந்து கிடந்தார். வெயில் சாயும்வரை பார்த்துவிட்டு, வெள்ளையம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடிப் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிள்ளை ஒருமுறை கண் திறந்து, “ஜன்னல சாத்தும்மா, காத்து குத்துது” என்றது. சாத்தினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. எந்த ஊர் தாண்டும்போது மூச்சு நின்றது என்று தெரியாது. நின்றது தெரிந்ததும் அவள் கத்தவில்லை. கத்தினால் நடு ரோட்டில் இறக்கிவிடுவார்கள் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் ஏதாவது செய்வார்கள் என்றும் தோன்றியது. பிள்ளையின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டே திண்டிவனம்வரை வந்தாள். பக்கத்தில் இருந்த பெண், “நல்லா தூங்குது” என்று சொன்னாள்.

அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. என்றைக்காவது இந்த மனுசன் போதை இல்லாமல் இருப்பார், அன்றைக்கு நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். போதை இல்லாத நாள் வந்தது. கேட்க வேண்டிய ஆள்தான் உள்ளே இல்லை.

முதல் தடவை தெரியாமல்தான் சொன்னாள். அவர் அழுததைப் பார்த்து அவளுக்கே பதறியது. மறுநாள் மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னாள். அப்புறம் காலையில் எழுந்ததிலிருந்தே உச்சிப்பொழுதை எதிர்பார்க்க ஆரம்பித்தாள். அவர் கேட்காத அன்று அவளுக்கு நிலைகொள்ளாது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். கடைசியில் அவளே, “செண்பகம் எங்கய்யா?” என்று எடுத்துக் கொடுப்பாள். மகன் போன் பண்ணினால், அப்பா சாப்பிட்டாரு, மாத்திரை போட்டாரு என்று சொல்லி வைத்துவிடுவாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அப்படித்தான் எதிரே உட்கார்ந்து சொன்னாள். கண்ணையன் அழவில்லை. அவள் தோளுக்கு மேலே, வாசல் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

“கேட்டியாடி, உங்கம்மா சொல்றத?”

வெள்ளையம்மாள் திரும்பவில்லை. கழுத்து மரத்துப் போயிருந்தது. வாசலில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டைமேல் யாரோ மிதித்ததுபோல ஒரு தோல் நொறுங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கோழியாக இருக்கும் என்று நினைத்தாள். அப்புறம், காலையிலேயே கோழிகளைக் கூடையைப் போட்டு மூடியது ஞாபகம் வந்தது. பிறகு திரும்பிப் பார்த்தபோது அங்கே வெயில் மட்டும் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் விழுப்புரத்துக்கு மாத்திரை வாங்கப் போக வேண்டியிருந்தது. திண்டிவனத்தில் பஸ் மாறி உட்கார்ந்தார்கள். கண்ணையன் ஜன்னலோரம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைத் திறந்துவைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். கண்ணையன் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தள்ளித் தள்ளிச் சாத்தினார்.

“யோவ், இன்னாத்துக்கு சாத்துற? வேர்த்து ஊத்துது” என்றாள் வெள்ளையம்மாள்.

“புள்ளைக்குக் காத்து குத்துதாம்” என்றார்.

வெள்ளையம்மாளுக்கு அதற்குப் பிறகு விக்கிரவாண்டி வந்ததும் தெரியவில்லை, விழுப்புரம் வந்ததும் தெரியவில்லை. அவர் தோளில் தட்டி, “இறங்கு வெள்ள” என்றபோதுதான் எழுந்தாள்.

குடி நிறுத்துகிற வார்டில் அப்ஸானா என்ற பெண் ஆலோசகராக இருந்தாள். கோட்டக்குப்பத்துக்காரி. நோயாளியிடம் பேசுவதைவிட, கூட வருகிறவர்களிடம்தான் அதிகம் பேசுவாள். கண்ணையனை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, வெள்ளையம்மாளைத் தன் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

“அவர் நல்லா இருக்காரும்மா. நீங்கதான் எளச்சுப் போயிட்டீங்க. இன்னா ஆச்சு?”

வெள்ளையம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். மதியத்தில் சொல்வதைச் சொன்னாள். அவர் அழுவதைச் சொன்னாள். “அவரு அழுதாத்தான் எனக்குச் சோறு எறங்குது பாப்பா. விட முடியல” என்றாள். சொன்ன பிறகு தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அப்ஸானா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அவர் வேணும்னு பொய் சொல்லலம்மா. ஞாபகத்துல ஓட்டை விழுந்த எடத்துல மூளையே எதையாச்சும் வச்சு அடச்சிக்குது. அவருக்கு அதுதான் நெசம். நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புள்ள புதுசா சாவுது. உங்களுக்கும்தான். அவர்கிட்டச் சொல்லணும்னு தோணுறப்ப எனக்குப் போன் பண்ணுங்க. சனிக்கிழமை இங்க உங்கள மாதிரி வீட்டுக்காரங்கள்லாம் வந்து உக்காந்து பேசுவாங்க. வாங்க. அவருக்கு மட்டும் வைத்தியம் பாத்தா பத்தாதும்மா.”

“வர்றேன்.”

“அவர் புள்ளையப் பத்திக் கேட்டா, ஆமான்னும் சொல்ல வேணாம், இல்லன்னும் சொல்ல வேணாம். புள்ள எப்படி இருப்பா, சொல்லுங்கன்னு கேளுங்க. அவரப் பேச விடுங்க.”

ஜன்னல் விஷயத்தைச் சொல்லலாமா என்று வெள்ளையம்மாள் யோசித்தாள். தூக்கத்தில் என்றைக்காவது உளறியிருப்பாள், ஒப்பாரியில் சொல்லியிருப்பாள், அது அந்த ஆள் காதில் விழுந்திருக்கும் என்று அப்ஸானா சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமலே எழுந்து வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவ்வளவு கூட்டமில்லை. மூன்று பேர் உட்காரும் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஊரைத் தாண்டிக் கரும்பு வயல்கள் தெரியத் தொடங்கியதும் வெள்ளையம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“அன்னிக்குக் கார் கொண்டாரப் போனியே. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப. இன்னா ஆச்சு, சொல்லு.”

கண்ணையன் யோசிக்கவே இல்லை. “கொண்டாந்தனே. வெள்ளக் காரு. டிரைவரு சாப்புட்டுகினு இருந்தான். ஜல்தி ஏறுய்யா, புள்ள உசுருன்னு இழுத்துகினு வந்தேன். நீ ரோட்டாண்ட நின்னுகினு இருந்த. புள்ளய வாங்கி என் மடியில போட்டுகினேன். மயிலம் மலை தெரியுதுப்பா, தெரியுதுப்பான்னு சொல்லிகினே வந்தா.”

அவர் குரலில் வெயிலும் புழுதியும் பெட்ரோல் வாடையும் இருந்தன. இல்லை என்ற சொல் வெள்ளையம்மாளின் தொண்டைவரை வந்து நின்றது. வழக்கமாக அது வெளியே வருகிற நேரம்தான். அவள் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.

“டாக்டரு ஊசி போட்டாரு. ஒரு அர மணி நேரத்துல கண்ணத் தொறந்துட்டா. பன்னு வாங்கியாந்தேன். நீயும் தின்ன. எனக்குக் கொஞ்சம் கூட வைக்காம ரெண்டு பேரும் தின்னுட்டீங்க.”

அவளுக்கு வாயில் பன்னின் இனிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாக்கால் பல்லைத் துழாவினாள். அங்கே ஒன்றும் இல்லை.

“அப்புறம்?”

கண்டக்டர் வந்து நின்றார். கண்ணையன் சட்டைப் பையிலிருந்து ரூபாயை எடுத்து நீட்டினார்.

“திண்டிவனம். ரெண்டு முழுசு, ஒரு அரை.”

கண்டக்டர் மெஷினில் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். “அரை யாருக்குப் பெரியவரே? புள்ள எங்க?”

கண்ணையன் வெள்ளையம்மாளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இப்போது ஏதோ கலங்கியதுபோல இருந்தது. அவளிடம் எதையோ கேட்பதுபோலவும், சொல்லாதே என்று கெஞ்சுவதுபோலவும் இருந்தது. கண்டக்டரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து நீளமாக வெளியே வந்திருந்த தாள், கிழிக்க ஆளில்லாமல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.