அழுகிற ஊசி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அக்கா சொல்வாள். அவளுக்கு மட்டும் எங்கே இருக்கிறதாம்? அன்று காலை போனிலேயே பொரிந்து தள்ளினாள்.

"உன் சாஃப்ட்வேர் செத்துப்போச்சுடி! திரை அப்படியே நிக்குது. ஒரு மணிக்கு நாடகக்காரங்க வந்துடுவாங்க!"

அக்கா தையற்காரி. துணி வெட்டுவதற்கான அளவுகளைக் கணினியில் வரைந்துகொள்ள அவள் வைத்திருக்கும் மென்பொருள் நான் எழுதியது. பதினேழு நாடக உடைகளை மூன்று நாளாக அதில் வரைந்திருந்தாள்.

"சேவ் பண்ணினியா?"

"கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லையே, எதுக்கு சேவ்?"

தலையில் அடித்துக்கொண்டேன். "திரையில என்ன தெரியுது?"

"ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒண்ணுமே இல்லை."

அது என் எச்சரிக்கைப் பெட்டி. கணினியின் நினைவகம் தீர்ந்துபோனால் அதுதான் வந்து சொல்ல வேண்டும். நான் சும்மா இருந்தேனா? அழகுக்காக, கண்ணீர் விட்டு அழுகிற ஊசி ஒன்றை அசையும் படமாக அதில் வைத்தேன். அந்தப் படத்துக்கும் நினைவகம் வேண்டுமே! ஆபத்துக்கு உதவட்டும், சேமிக்க மட்டும் ஆகட்டும் என்று முதலிலேயே கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தேன். அதையும் அந்த ஊசி விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று நிற்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான்.

"அக்கா, எதையும் மூடிடாதே. வேற என்ன திறந்திருக்கு?"

"ஒண்ணுமில்லையே!" என்றது பின்னாலிருந்து அத்தானின் குரல். அவசரமாக வந்த குரல்.

"பொய்! செஸ் ஓடுது. நான் துணி எடுக்க எழுந்தா இவர் வந்து உட்கார்ந்துடறார்," என்றாள் அக்கா.

சாதாரண செஸ் இல்லை. குதிரையின் பிடரிமயிர் காற்றில் ஆடுகிற ஜாதி. நினைவகத்தை மென்று தின்பது அதுதான்.

"அத்தான், அதை மூடணும்."

"ஐயோ, மூடினா தோத்ததா ஆயிடும்மா! இன்னும் ரெண்டே காய் நகர்த்தினா எதிர்ல ஆடற எங்க ஆபீஸ் மேனேஜர் காலி. பதினோரு மாசமா நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை."

"அம்மா, கழுத்து!" என்று அக்கா முனகுவது கேட்டது.

"மூணு நாளா கழுத்து வலியோட உட்கார்ந்திருக்கா," என்றார் அத்தான். "போகட்டும் விடு." சுட்டியின் சொடுக்குச் சத்தம் கேட்டது.

"அடியே, பெட்டியில ஊசி அழுது!" என்று அக்கா கத்தினாள்.

"அது கிடக்கட்டும், சேவ் பண்ணு!"

சேமித்துவிட்டாள். பதினேழு உடையும் பத்திரம். இங்கே நானும் அந்த ஊசியைப் போலவே அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்.

அன்றே ஊசியைத் தூக்கி எறிந்தேன். இப்போது நினைவகம் குறைந்தால் மென்பொருள் முதலில் வாயை மூடிக்கொண்டு வேலையைச் சேமிக்கும், பேச்செல்லாம் அப்புறம்தான். அந்தப் பேச்சும் படமில்லாத ஒற்றை வரி, திறக்கும்போதே தயாராக வைத்தது.

அடுத்த வாரம் அக்கா மறுபடி கூப்பிட்டாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"பெட்டி வந்துச்சுடி."

அவளுடைய கணினிக்கு மட்டும் வரியை நான் மாற்றி எழுதியிருந்தேன்: 'வேலை சேமித்தாயிற்று. அத்தான் ஆட்டத்தை மூட வேண்டாம்.'

"மேனேஜர் காலி!" என்று பின்னாலிருந்து அத்தான் கூவுவது கேட்டது.