ஆறு நிமிடம் பிந்திய வீடு

பெரியநாயக்கன்பாளையம் இருதயம்மாள் தனக்கு அடித்த சாவு மணியைத் தன் காதாலேயே கேட்டார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார்.

அவர் கணவர் அமிர்தராஜ் பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டியவர். ரேடியோவில் ஐந்து குட்டை ‘பீப்’பும் ஒரு நீள ‘பீப்’பும் கேட்டால்தான் கடிகாரத்தை நம்புவார். மாதா கோயில் மணிக்கூண்டில் செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கும் கடிகாரத்தைப் பொருத்த வந்த பொறியாளர் ஹர்ஷா, “உங்க ஊட்டு ரேடியோ ஆறு நிமிசம் லேட்டுங்கய்யா” என்றார். அமிர்தராஜ் சண்டைக்குப் போனார். ஒன்பது நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரேடியோ அலை கோவையிலிருந்து வந்துசேர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வாசலுக்கு வெளியே இரண்டும் பிசகாமல் ஒத்துப்போயின. வீட்டுக்குள் செயற்கைக்கோள் கடிகாரம் வானம் தெரியாமல் ஊமையானது. ரேடியோ மட்டும் பேசியது, ஆறு நிமிடம் பிந்தி. வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது. ஊரில் கரண்ட் போனாலும் அந்த வீட்டில் ஆறு நிமிடம் விளக்கு எரிவதை உள்ளே போனவர்கள் அப்புறம்தான் கவனித்தார்கள். ரேடியோவில் செல் தீர்ந்தால் அங்கே நேரமே நின்றது; புதுச் செல் போடும்வரை உலை கொதிக்காது.

இருதயம்மாளுக்குக் கணையத்தில் புற்று. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாசி மாத மாலை நாலு பதினேழுக்கு, பார்க்க வந்த நர்ஸ் கீதா வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வெளி நேரப்படி இருதயம்மாளுக்கு மூச்சு நின்றிருந்தது. உடனே கோயிலுக்குப் போன் செய்தார். மணி அடித்தது. அந்தச் சத்தம் மட்டும் பிந்தாமல் உள்ளே வந்தது. வீட்டுக்குள் அப்போது நாலு பன்னிரண்டு.

“ஏனுங்க, யாருங்க போனது?” என்று கட்டிலில் கிடந்த இருதயம்மாள் கேட்டார்.

மணி அவருக்கேதான், இன்னும் ஐந்து நிமிடம்தான் என்று அமிர்தராஜுக்குப் புரிந்துவிட்டது. நாலு பதினாறு வரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ரேடியோவிலிருந்து செல்லைக் கழற்றினார்.

இருதயம்மாள் சாகவில்லை. கடைசி நிமிடத்தின் வலியும் போகவில்லை. அமிர்தராஜ் முற்றத்தில் அடுப்பு மூட்டித் தனக்கு மட்டும் பொங்கிச் சாப்பிட்டார். முதலாண்டு நினைவுப் பூசைக்குப் போய்வந்தவரிடம், யாருக்குப் பூசை என்று இருதயம்மாள் கேட்டார். அவர் பொய் சொன்னார். ஊர் அவரைக் கொடுமைக்காரர் என்றது. தனியாக இருக்கப் பயந்த மனுஷன், பாவம். ஆனால் அந்தப் பயத்தை வலியாகச் சுமந்தவர் இருதயம்மாள்.

இரண்டாம் வருஷம் முடிகிற சமயம், எல்லாவற்றையும் ஊகித்துவிட்ட இருதயம்மாளே சொல்லிவிட்டார். “எனக்கு முடியலீங்க. அந்தச் செல்லப் போட்டுடுங்க. இன்னும் ஒரு நிமிசந்தானுங்களே.”

அமிர்தராஜ் செல்லைப் போட்டார். முதலில் திருப்பிப் போட்டுவிட்டு, மறுபடி சரியாகப் போட்டார். ஒரு நிமிடம் கழித்து இருதயம்மாள் இறந்தார்.

மணி அடிக்கச் சொல்லக் கோயிலுக்குப் போனார். “ஒரு சாவுக்கு ஒருக்காத்தானுங்க மணி. அவங்களுக்கு அன்னைக்கே அடிச்சுப்போட்டமுங்களே” என்றார் மணியடிக்கும் பெனடிக்ட். வழக்கம் அதுதான். அமிர்தராஜ் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் அமிர்தராஜும் இன்னும் மூவரும் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டியதும் அது லேசாகிவிட்டது. உள்ளே எலும்புகள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே இருதயம்மாள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்ததே. மற்ற மூவரும் கையை எடுத்துக்கொண்டார்கள். அமிர்தராஜ் ஒருவரே தோளில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்.