பிரிக்காத கட்டு

சர்க்கரைப் புண் வார்டில் எவரும் மூக்கைப் பொத்துவதில்லை. நர்ஸ் சகாயம்மாள் முகக்கவசத்தைக்கூட நோயாளி பார்க்காத பக்கம் திரும்பித்தான் சரிசெய்துகொள்வார். அழுகும் காலின் நிறத்தைப் பேசலாம், ஆழத்தைப் பேசலாம், நாற்றத்தைப் பேசலாகாது.

சேலத்து மருத்துவமனை ஒன்றின் அந்த வார்டுக்கு, மரவள்ளி மாவிலிருந்து தான் உருவாக்கிய ஹைட்ரோஜெல் கட்டுடன் வந்திருந்தாள் ஆய்வு மாணவி சௌந்தர்யா. பஞ்சுத்துணி காயத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போதெல்லாம் புதுச்சதையைப் பிய்த்துவிடும். ஈரம் காக்கும் இந்தக் கூழ்ப்படலம் ஒட்டாது. மூன்று நாள் பிரிக்காமல் விட்டால் அடியில் சதை வளரும்.

வெண்ணந்தூர் விசைத்தறித் தொழிலாளி அப்புசாமியின் வலக்காலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஜெல்தான் கடைசி முயற்சி.

“ஏனுங் அம்மிணி, ஜவ்வரிசிப் பாயசத்தக் குடிக்கக் குடுக்காம கால்ல ஊத்தறீங்களே?”

“சக்கரைக்காரருக்குப் பாயசம் கால்லதான்” என்றாள் அவர் மனைவி ராமாயி.

பத்து நாளில் புண் குழியின் விளிம்பில் இளஞ்சிவப்பு படர்ந்தது. தறிக்கு எப்போது போகலாம் என்று அப்புசாமி கேட்கத் தொடங்கினார்.

ஐந்தாவது கட்டுப் போட்ட மறுநாள், கட்டிலை நெருங்கியதுமே சௌந்தர்யாவுக்குத் தெரிந்தது. பழைய நாற்றம். சர்க்கரை அந்தப் பாதத்தின் உணர்வை எப்போதோ கொன்றுவிட்டிருந்தது. உள்ளே சீழ் கட்டினால் வலி சொல்லாது. நாற்றம் ஒன்றுதான் சொல்லும். அவள் சகாயம்மாளைப் பார்த்தாள். சகாயம்மாள் ஜன்னலைப் பார்த்தார். ஜெல்லின் வாடையாகவும் இருக்கலாம் என்று சௌந்தர்யா தன்னைத் தேற்றிக்கொண்டாள். காப்பாற்ற நினைப்பது அப்புசாமியின் மனத்தையா, தன் மரவள்ளிக் கூழையா என்று கேட்டுக்கொள்ளத் துணிவில்லை.

அடுத்த நாள் அப்புசாமிக்குக் காய்ச்சல். கட்டுக்கு மேலே கெண்டைக்கால்வரை கருஞ்சிவப்பு ஏறியிருந்தது.

“சும்மா சளிக் காய்ச்சலுங்க” என்றார். “இன்னும் ஒரு நாள் இருக்குதுல்லங்க? இப்பப் பிரிச்சுப்போட்டா வளந்த சதை போயிருமுங்க.”

சௌந்தர்யாவின் கை கட்டின் விளிம்புவரை சென்று நின்றது.

ராமாயி எழுந்தாள். கணவரின் முகத்துக்கு நேரே, முந்தானையால் மூக்கை அழுத்திப் பொத்தினாள். அவர் சிரிக்க முயன்றார், வாய் கோணியது.

“நாறுதுங்க” என்றாள். “நேத்திருந்தே நாறுது. உங்க மொகத்தப் பாத்துட்டுச் சொல்லாம இருந்துட்டனுங்க. அம்மிணி, பிரிங்க.”