துடியலூர் வரைக்கும்

மேட்டுப்பாளையத்தில் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு நாலே கால் பஸ்ஸைப் பிடித்தால், வெளிச்சம் இருக்கும்போதே பெரியநாயக்கன்பாளையத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அன்புச்செல்வி பதினோரு வருஷமாக அப்படித்தான் போய்வருகிறாள். கண்டக்டர் சென்னகேசவனிலிருந்து மோட்டார் பட்டறை கதிர்வேல் வரை அந்த பஸ்ஸில் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள். கதிர்வேல் அவளைக் கண்டால் எழுந்து இடம் கொடுக்கிற மரியாதைக்காரன். அதனால்தான் அன்றைக்குக் காரமடை தாண்டியதும் கேட்ட அதட்டல் அவனுடையது என்று அவளால் நம்ப முடியவில்லை.

"டேய், இந்தக் கொழந்தை யாருது?"

நாலு சீட் முன்னால் ஒரு வெளியூர் ஆள் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். பாக்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் போடுகிற காக்கிச் சட்டை. மடியில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று, துண்டில் சுற்றி, தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

"என் பையன்," என்றான் அவன். அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் போலிருந்தது. அதற்குமேல் பதறிப் பதறிச் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

"இத்தனை சத்தத்துலயும் கொழந்தை முழிக்கல பாருங்க. மயக்க மருந்து குடுத்திருக்கான்," என்றார் ஒருவர். கதிர்வேல் தன் செல்போனில் ஒரு வாய்ஸ் மெசேஜை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, வெளியூர்க்காரர்களை நம்பாதீர்கள் என்று ஒரு பெண் குரல் படபடத்தது.

அதே மெசேஜை அன்று காலையில் அங்கன்வாடித் தாய்மார்கள் குரூப்பில் போட்டவள் அன்புச்செல்விதான். யாரோ அனுப்பினார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று தட்டிவிட்டாள். அது பொய்யாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கதிர்வேல் அந்த ஆளின் போனைப் பிடுங்கிக்கொண்டு, தன் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். "பெரியநாயக்கன்பாளையத்துல எறக்கிருவோம். நம்ம பசங்களை ஸ்டாப்புக்கு வரச் சொல்லிப்போட்டேன். கேக்கற மாதிரி கேட்டா உண்மை வரும்."

இன்னும் பத்து நிமிஷம். அது அவள் இறங்க வேண்டிய இடம். தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போய்விடலாம். பேசினால், நாளைக்கும் இவர்களோடுதான் வர வேண்டும். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வேலையில் சேர்ந்த புதிதில், அவள் இன்ன சாதி என்று தெரிந்ததும் தாய்மார்கள் நாலு மாசம் தங்கள் குழந்தைகளை அவள் கையால் சாப்பிட விடவில்லை. வடித்த சோற்றோடு அவள் வாசலில் நின்ற நாட்களில், பக்கத்தில் வந்து நிற்க ஒரு ஆள்கூட இல்லை.

அன்புச்செல்வி எழுந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டாள்.

"மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க! காய்ச்சல். ஒடம்பு அனலாக் கொதிக்குது!"

"நீங்க ஒதுங்குங்க டீச்சர்," என்றான் கதிர்வேல்.

"கதிர்வேலு, அவரு போனைக் குடுங்க கண்ணு."

அவன் தயங்கி நீட்டினான். அந்த ஆளே நம்பரை அழுத்தினான். எடுத்த பெண்ணிடம் பதறி என்னவோ சொல்லிவிட்டு அன்புச்செல்வியிடம் நீட்டினான்; அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நான் ஜாஹிதா, அவன் என் பையன் ரெஹான். நான் துடியலூர் மில்லுல வேலை செய்றேன். மில்லு டாக்டர்கிட்ட போக ஸ்டாப்புல நிக்கிறேன். அக்கா, என் வீட்டுக்காரரை அடிக்கிறாங்களா?"

"கும்பல்னா பொம்பளையும்தான் இருப்பா," என்றது பின்சீட்.

"பையன் நெஞ்சுல மச்சம் எதாவது இருக்குதுங்களா?" என்று அன்புச்செல்வி போனில் கேட்டாள். கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவளை அந்தத் தகப்பன் பார்த்தான். கதிர்வேலைப் பார்த்த அதே பார்வை. அவளுக்குக் கூசிப்போயிற்று. பெற்ற பிள்ளையைப் பெற்றேன் என்று இவன் எதற்கு நிரூபிக்க வேண்டும்? பதிலுக்குக் காத்திராமல் போனை அவன் கையில் கொடுத்தாள்.

"இவரை எறக்கறதுன்னா என்னையும் சேர்த்து எறக்குங்க," என்றாள். பிறகு எதிர்ச் சீட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, உங்க பாட்டில் தண்ணியக் கொஞ்சம் குடுங்க. கொழந்தை நெத்திக்குத் துணி நனைச்சுப் போடோணும்."

அந்த அம்மாள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் கைக்குட்டையையே நனைத்து, எழுந்து வந்து குழந்தையின் நெற்றியில் போட்டார். போட்டவர் திரும்பிப் போகாமல் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்டக்டர், இவரு எதுவரைக்கும் டிக்கெட் எடுத்திருக்காருங்க?"

சென்னகேசவன் கதிர்வேலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "துடியலூருங்க."

"அப்பத் துடியலூர் வரைக்கும் உங்க பொறுப்புதானுங்களே?"

பெரியநாயக்கன்பாளையம் வந்தது. ஸ்டாப்பில் மூன்று பைக்குகள், ஆறேழு பேர். ஒருவன் படியில் கால் வைத்தான். அன்புச்செல்வி சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எறங்கறவங்களுக்கு வழி விடுங்க! உள்ள எடமில்ல!" என்று சென்னகேசவன் படியை மறித்துக் கத்தினார். கடைசி ஆள் இறங்கியதும் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. பைக்குகள் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தன. நரசிம்மநாயக்கன்பாளையத்தில் அவற்றைக் காணவில்லை.

துடியலூரில் ஜாஹிதா படியேறியதும், கண் திறவாமலே குழந்தை அம்மாவின் குரலுக்குக் கையை நீட்டியது. பஸ்ஸில் பலபேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம கொழந்தைங்களை நெனச்ச பயத்துலதானுங்க டீச்சர்," என்றான் கதிர்வேல்.

"எனக்கும் அதே பயந்தான். காலைல நானும் அதை அனுப்பிச்சேன்." அவன் முன்னாலேயே போனை வாயருகே பிடித்துப் பேசினாள்: "தாய்மார்களுக்கு வணக்கமுங்க. காலைல நான் போட்டது பொய். அதை நம்பி இந்த பஸ்ஸுல ஒரு தகப்பனை அடிக்கப் பாத்தாங்க. நான் பண்ணது தப்பு. யாருக்கும் அனுப்பாதீங்க." அப்படியே அனுப்பினாள். "நீங்களும் அந்த வீடியோவ அழிச்சுப்போடுங்க கண்ணு."

"ம்," என்றான் அவன். அழித்தானா என்று அவள் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பத் தயாராகிவிட்டது. அவள் அவர்களோடு இறங்கிக்கொண்டாள்.

டாக்டர் ஊசி போட்டார். இன்னும் இரண்டு நாள் வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். வெளியே வந்ததும், அதுவரை முகம் கொடுத்துப் பேசாத ஆஸிம், அதுதான் அந்தத் தகப்பன் பெயர், மனைவியிடம் என்னவோ சொன்னான். ஜாஹிதா தயங்கினாள்.

"எனக்கு மில்லுல லீவு தர மாட்டாங்க அக்கா. நாளைக்கும் இவருதான் கூட்டிட்டு வரணும். அந்த நேரத்துக்கு அந்த பஸ்ஸுதான் இருக்கு. நீங்க..."

அன்புச்செல்வியின் போன் விடாமல் அதிர்ந்தது. குரூப்பில் பதில்கள். முதலாவது, 'உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் இந்த வேலை?' மீதியை அவள் படிக்கவில்லை. பைக்கில் வந்தவர்கள் கண்ணுக்குள் நின்றார்கள். நாளைக்கு அவர்கள் காரமடையிலேயே ஏறினால்?

"நாலு மணிக்கு அங்கன்வாடி வாசலுக்கு வந்துரச் சொல்லும்மா," என்றாள். "ஒண்ணாவே ஏறிக்கறோம்."