மிரெலா அறியாத முகங்கள்

மலைமுடிகளில் எஞ்சிய வெண்பனியை இளவெயில் உருக்க, உருகியது ஓடைகளாய் இறங்க, இறங்கிய ஓடைகளையெல்லாம் இரு கையும் விரித்தாற்போல் ஏந்திக்கொண்ட ஓகிரி ஏரி, கரையோரத்துச் செந்நிறக் கூரைகளைத் தன்னுள் தலைகீழாய்த் தாங்கி, காற்றின் தீண்டலுக்கு மெல்லச் சிலிர்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அது.

அந்த ஏரிக்கரை வழியே, நடையில் விரைவும் நெஞ்சில் வெம்மையுமாய் வந்துகொண்டிருந்தாள் தையற்காரி மிரெலா. இறைவன் பெயரை உரக்கச் சொல்வதே குற்றமாயிருந்த ஆண்டுகள் அல்பேனியாவில் முடிந்த கையோடு நற்செய்தியை நம்பியவள். தன் தையற்பலகையைச் சுற்றி அமர்ந்த ஏழு பெண்களுக்குத் திருமறையை வரிவரியாய்க் கற்பித்தவள். அவ்வெழுவருள் அவள் உயிராய்ப் போற்றிய மீன்காரி தெலினாவோ, இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு சொல்லும் கேளாது மலைமேலிருந்த கணவன் ஊருக்குப் பெயர்ந்து, அங்கே தானாகவே ஒரு திருமறைக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டாள். அக்கூட்டத்தார் ஏரியில் பெறும் திருமுழுக்குக்கு வருமாறு இப்போது அவளே ஆள் அனுப்பியிருந்தாள். போய் அவளைத் தன் கூட்டத்திற்கே மீட்டு வந்துவிடுவது என்ற உறுதியோடு புறப்பட்டிருந்தாள் மிரெலா.

கரையின் வளைவைக் கடந்ததும் அவள் கால்கள் நின்றன. மணற்பரப்பெங்கும் மக்கள்! ஒரு முகமும் அவள் அறிந்ததன்று. வெள்ளைச் சட்டையில் குளிரால் நடுங்கிய பேருடலன் ஒருவன் முன்வந்தான்.

"யாரைத் தேடுறீங்க, அக்கா?"

"தெலினாவை. உனக்கு அவதானே சொல்லிக்கொடுத்தா?"

"இல்லையே! நான் கல்லுடைக்கிறவன். எங்களுக்குச் சமைக்கிற கோச்சோதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாரு. அவருக்கு அவரு தங்கச்சி சொல்லிக்கொடுத்தாங்க. அந்தத் தங்கச்சிக்குத்தான் தெலினா அக்கா சொல்லிக்கொடுத்தாங்க. அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரோ தையக்காரியாம், பெரிய கோவக்காரியாம்!"

மிரெலாவின் முகம் சிவந்தது. அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள் தெலினா.

"அடியே மிரெலா! திட்டுறதுன்னா சீக்கிரம் திட்டிடு, எல்லாரும் குளிர்ல நிக்கிறாங்க!"

"கேக்காம ஏன்டி போனே?"

"கேட்டா விட்டிருப்பியா?"

விட்டிருக்கமாட்டாள். அவ்வுண்மை மிரெலாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. தெலினா அவள் கையைப் பற்றி நீரை நோக்கி இழுத்தாள்.

"முழுக்கு நீதான் கொடுக்கணும். எல்லாம் உன்கிட்டதானே தொடங்குச்சு."

இரண்டாண்டுகளாய் மிரெலா ஏங்கிய முதன்மை அது. இப்போது தெலினாவே அதை அவள் கையில் கொடுத்தாள். ஆனால் கல்லுடைப்பவனின் விழிகளோ தன்னை நாடாமல், கூட்டத்தின் ஓரத்தில் ஒடுங்கி நின்ற ஒருவரையே நாடியதை அவள் கண்டாள். அவர்தான் கோச்சோ என்று அவளுக்குப் புரிந்தது.

"இவனுக்குக் கத்துக்கொடுத்தவரே முழுக்குக் கொடுக்கட்டும்," என்றாள்.

"நானா? நான் வெறும் கஞ்சி காய்ச்சுறவன்மா!" என்று பின்வாங்கினார் கோச்சோ.

"நான் துணி தைக்கிறவ. இவ மீன் விக்கிறவ. எறங்குங்க ஐயா!"

கரையெங்கும் சிரிப்பு அலையாய் எழுந்தது. கோச்சோ இறங்கினார், அப்பேருடலனை நீரில் ஆழ்த்தி எடுத்தார். எழுந்தவன் அடுத்த கணமே கரையிலிருந்த தன் உடன்வேலையாள் ஒருவனை நோக்கி, "அடுத்து நீதான்டா, நான் விடமாட்டேன்!" என்று கூவினான். ஆடை நனைவதையும் மறந்து இடையளவு நீரில் இறங்கி நின்ற மிரெலா, முழுகி எழுந்தோரை எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் எண்ணிக்கை தப்பி, தப்பியதற்காகவே கண்ணீர் பெருகச் சிரித்தாள். தன்னுடையதென்று இறுகப் பற்றியிருந்த நாளெல்லாம் ஏழு பேரோடே நின்ற அருள், அவள் கைக்கு எட்டாத தொலைவில், அவள் பெயரும் அறியாத நெஞ்சங்களில், அவளைக் கேளாமலே வளர்ந்துகொண்டிருந்தது.